பினாங்கில் தோழிகளோடு ஒரு வாரம்: உங்களுக்கு அங்கே வாய்த்த மனிதர்களைப் பற்றியும் எழுதுங்கள்

தோஹாவிலிருந்து:

நான் தோஹாவில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஜூன் பிறந்துவிட்டால் இங்கே பகலில் வாசலைத் தாண்ட முடியாது, ஆபீஸ் ஏசி, கார் ஏசி, வீட்டு ஏசி என்றே நாள் ஓடும். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் நாலு பேரும் ஒரு வாரமாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தோம். ஒருத்தி சென்னையில் வங்கியில் இருக்கிறாள், ஒருத்தி கோயம்புத்தூரில் டீச்சர், இன்னொருத்தி கல்யாணமாகிப் போனதிலிருந்து மலேசியாவில் பினாங்குதான், அவள் வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. போன வருஷம் ஜூன் கடைசியில் ஒருவழியாக எல்லோருக்கும் லீவு கிடைத்தது. அங்கே என்னென்ன பார்த்தோம் என்பதைவிட யார் யாரோடு பேசினோம் என்பதை எழுதத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன், ஏனென்றால் பினாங்கு போய்விட்டு வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர், கெந்திங், லங்காவி என்று ஒரு பெரிய பட்டியலுக்கு நடுவில் ஒன்றரை நாள் அங்கே தங்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஒன்றரை நாளில் சுவர் ஓவியமும் கேபிள் ரயிலும் கிடைக்கும், மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள்.

முதலில் போகிற வழி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறார்கள், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். சென்னைத் தோழியும் கோவைத் தோழியும் இண்டிகோவில் சென்னையிலிருந்து நேராக பினாங்கிலேயே இறங்கினார்கள், 2024 டிசம்பரில் தொடங்கிய விமானம் அது. நான் கோலாலம்பூரில் இறங்கி, கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் என்கிற மின்சார விரைவு ரயில் பிடித்தேன். நாலு மணி நேரம் போல ஆகும், பட்டர்வொர்த் வரைக்கும் வரும், அங்கிருந்து நடந்தே போய் ஃபெரி ஏறிவிடலாம், கட்டணம் 2 ரிங்கிட். தீவுக்குப் பாலம் 1985-லேயே வந்துவிட்டது, டாக்ஸி அதில் கொண்டுபோய் விடும்தான், இருந்தாலும் முதல் தடவை போகிறவர்கள் தயவுசெய்து தண்ணீர் வழியாகப் போங்கள். என் பக்கத்து இருக்கையில் மடியில் கூடை நிறைய வாழைப்பூவோடு ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். "ஊர்லேருந்து வர்றியா, பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கையில் வைத்தார். கரை வருவதற்குள் என் சம்பளம், பிள்ளைகள், மாமியார் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார். தோஹாவில் இத்தனை வருஷத்தில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. கரையில் கால் வைத்ததும் அதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கியது ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். 2008-ல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு இப்படி நிறைய வீடுகளைப் பழுது பார்த்திருக்கிறார்கள். குறுகலான முகப்பு, உள்ளே போகப் போக நீளும், நடுவில் கூரை திறந்த ஒரு முற்றம். செட்டிநாட்டு வீட்டு வளவைப் பார்த்தவர்களுக்கு இந்த முற்றம் உடனே பிடித்துவிடும். மத்தியானம் ரெண்டு, மூணு மணிவாக்கில் வானம் இருட்டிக்கொண்டு வரும், சடசடவென்று அந்த முற்றத்துக் கல்தரையில் மழை கொட்டும், தூவானம் தெறிக்காத தூரத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருப்போம். சென்னைத் தோழி ஒவ்வொரு நாளுக்கும் மணிவாரியாகத் திட்டம் போட்டு எக்செல் தாளில் கொண்டுவந்திருந்தாள். பினாங்குத் தோழி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாதுடீ, காலையில ஏழுலேருந்து பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சுக்கு மேல, நடுவுல வீடு" என்று சொல்லிவிட்டாள். அதைத்தான் வாரம் முழுக்கக் கடைப்பிடித்தோம். வெப்பமண்டலத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் சுற்றுலா என்று கிளம்பிவிட்டால் நம் பாட்டி சொன்ன மத்தியானத் தூக்கத்தையெல்லாம் மறந்துவிடுகிறோம்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரே கடைக்குத்தான் போனோம். தெருமுனையில் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, கடை முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதையிலேயே கல் போட்டு ரொட்டி சானாய் தட்டுவார்கள், நம் பரோட்டா மாதிரி. முதல் நாள் அந்த அண்ணன் எங்களோடு மலாயில்தான் பேசினார், நாங்கள் தமிழில் கேட்டதும் தமிழுக்கு மாறினார், அவ்வளவுதான். மறுநாள் நாங்கள் வருவது தெரிந்ததும் தே தாரிக் டீயைச் சொல்லாமலே ஆற்ற ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். அவருடைய தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவராம். தோளில் மூங்கில் கழி, ஒரு பக்கம் சோற்றுக் கூடை, மறு பக்கம் குழம்புச் சட்டிகள், அப்படியே சுமந்துகொண்டு துறைமுகத்துக் கூலிக்காரர்களுக்குச் சோறு விற்றவர். இன்று மலேசியா முழுக்கப் பேர் வாங்கிவிட்ட நாசி கண்டார் இப்படித் தோளில் சுமந்து தொடங்கிய வியாபாரம்தான். "தாத்தாவுக்கு வலது தோள் கடைசி வரைக்கும் ஒரு பக்கமா தாழ்ந்துதான் இருந்துச்சு" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். நான் அதுவரை நாசி கண்டாரை ஒரு சாப்பாட்டு வகையாகத்தான் நினைத்திருந்தேன். அன்று ராத்திரி அந்தக் கடையில் வரிசையில் நின்று, சோற்றின் மேல் மீன் குழம்பும் கோழிக் குழம்பும் பருப்பும் ஒன்றோடொன்று கலக்கும்படி ஊற்றி, பக்கத்தில் கணவாயும் வெண்டைக்காயும் வைத்து வாங்கிச் சாப்பிட்டபோது ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்க மனசு வரவில்லை.

கோவைத் தோழி சைவம். அவளுக்கும் கஷ்டம் ஒன்றும் இல்லை, மார்க்கெட் தெரு, குயின் தெரு, பினாங்கு தெரு சேர்ந்த லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு நன்றாகவே கிடைக்கிறது, சீனர்களின் சைவக் கடைகளும் உண்டு. நாசி கண்டார் கடையில் மட்டும் எல்லாக் குழம்பும் பக்கத்து பக்கத்தில் இருக்கும், கரண்டியும் மாறிப் போகும், அதனால் சைவக்காரர்கள் அங்கே போக வேண்டாம்.

குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில் அதுதான். அந்தத் தெருவில் பூக்கட்டுகிற அக்கா ஒருவரோடு நான் தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவேன். அவர் கை வேலையைப் பார்க்க வேண்டும். ரெண்டு மல்லி, எதிர்ப்பக்கம் ரெண்டு மல்லி, நடுவில் ஒரு துளி பச்சை, நாரைச் சுற்றி விரலால் ஒரு சுண்டு, அவ்வளவுதான், முடிச்சு விழுந்துவிடும், கண் என்னமோ தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் அப்பா தோட்டப்புறத்தில் ரப்பர் மரம் சீவியவர். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போனது, இவர் கல்யாணமாகித் தீவுக்கு வந்தார். தமிழ்நாட்டை அவர் பார்த்ததே இல்லை. "எங்க பாட்டி ஊரு நாமக்கல் பக்கம்னு சொல்லுவாங்க, அங்க எங்க ஆளுங்க யாராவது இருப்பாங்களா?" என்று கேட்டார். ஊர்ப் பெயர் முழுசாகத் தெரியவில்லை, பாட்டி பெயர் மட்டும் தெரியும். கடைசி நாள் அந்தப் பெயரையும் வேறு சில விவரங்களையும் எழுதி வாங்கிக்கொண்டேன். கோவைத் தோழியின் அண்ணன் நாமக்கல்லில் இருக்கிறார், விசாரித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தால் கண்டிப்பாக இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கோயிலிலிருந்து பொடிநடையாகக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி சீனர்களின் கருணைத் தாய் கோயில், 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாமே வந்துவிடும். பள்ளிவாசலுக்கான இடம் 1801-ல் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவரான காதர் முகைதீன் காலத்தில் கிடைத்தது. ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786-ல் இங்கே கொடி நாட்டிப் பதினைந்து வருஷத்துக்குள் நம்மவர்கள் பள்ளிவாசல் கட்டுகிற அளவுக்கு வேரூன்றிவிட்டார்கள். நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்காவும் இங்கே உண்டு, சூலியா தெருவும் கிங் தெருவும் கூடுகிற இடத்தில். நாகூரைத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தால் சும்மா கடந்து போக மாட்டார்கள்.

தண்ணீர்மலைக்கு விடிகாலையிலேயே போனோம். 513 படி, மேலே 2012-ல் கட்டி முடித்த பெரிய முருகன் கோயில். படியேறும்போது எங்களுக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர், வெறுங்காலோடு, கையில் பால் பாக்கெட், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறினார். ஏதாவது வேண்டுதலா என்று கேட்கத் தோன்றியது, ஆனால் அவருடைய அந்த அமைதியைக் கலைக்க மனமில்லை. மேலே திண்ணையில் இளைப்பாறிக்கொண்டிருந்தபோதுதான் பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியரைப் பார்த்தோம், வாரம் தவறாமல் ஏறுகிறவராம். கோவைத் தோழியும் ஆசிரியை என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக வைத்து 2016-ல் இருநூறு ஆண்டு கொண்டாடினார்களாம். பினாங்கு மாநிலத்தில் மட்டும் இன்றைக்கு 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, கணக்கு, அறிவியல் எல்லாம் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். "பிள்ளைங்க எண்ணிக்கை குறையிது டீச்சர், அதுதான் கவலை, ஒரு வகுப்புல அஞ்சு பிள்ளைங்க இருந்தாலும் நான் விடாம நடத்தியிருக்கேன்" என்றார். தோழி அவரிடமிருந்து ரெண்டாம் வகுப்புப் பாடநூலின் படங்களைப் போனில் வாங்கிக்கொண்டாள், இப்போது தன் பள்ளியில் காட்டிக்கொண்டிருக்கிறாள். இறங்கி வந்து பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா. 1884-ல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் கிடையாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கரும் மந்திகள் மரத்தின் மேலிருந்து நம்மை நிதானமாகப் பார்க்கும். குட்டி மட்டும் பிறந்த புதிதில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

பினாங்கு மலை ரயில், பத்து பெரிங்கி கடற்கரை, தேசியப் பூங்கா எல்லாம் போனோம். மலை நன்றாகவே இருந்தது, மேலே குளிர் காற்று, முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்து பக்கத்தில். காலையில் முதல் சில வண்டிகளிலேயே ஏறிவிடுங்கள். பத்து பெரிங்கி கடலில் எங்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, மெரினா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சின்னக் கரைதான். தெலுக் பகாங் தேசியப் பூங்காவில் காட்டு வழியாகக் கெராச்சுட் கடற்கரைக்கு நடந்துபோய்ப் படகில் திரும்பினோம், அது அருமை, தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள்.

டுரியான் பழத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டும். அது கிடைக்கிற பாலேக் பூலாவ் ஊர் தீவின் மறு பக்கத்தில் இருக்கிறது, மலையைச் சுற்றிக்கொண்டு பஸ் போகும். நாங்கள் போனது சீசன் நடுவில். சாலையோரத்தில் தார்ப்பாய் கட்டிய கடை, பெரியவர் ஒருவர் முண்டா பனியனோடு உட்கார்ந்திருந்தார், சீனர். எங்களுக்குள் "நாற்றம் அடிக்குமாடீ?" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம், அவர் நிமிர்ந்து பார்த்து நல்ல தமிழில், "சாப்பிடும்போது அடிக்காது, சாப்பிடாம நின்னாதான் அடிக்கும், உக்காருங்க" என்றார்! கெடாவில் ரப்பர் தோட்டத்தில் அவர் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை, கூட விளையாடியதெல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். தமிழ் பேசி நாளாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே எங்களை விடவில்லை. பழத்தைக் கையில் தூக்கிக் காம்பை மோந்து பார்ப்பார், காதோரம் வைத்து ஆட்டுவார், கத்தி முனையால் முள்ளுக்கு நடுவில் ஒரு குத்து, ஒரு திருகு, ஓடு தானாகப் பிளந்துகொள்ளும். முதலில் இனிப்பானது, கசப்பு கலந்த வகை கடைசியில், வரிசை மாறிக் கொடுக்க மாட்டார். இங்கே பழத்தைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழ வேண்டும், மரத்தடியில் வலை கட்டி வைத்திருக்கிறார்கள். விழுந்த சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் நாக்கு நுனி லேசாக மரத்துப்போகும், அதுதான் புதுப் பழத்துக்கு அடையாளம் என்றார். பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது ராத்திரியில் வருகிற வௌவால்கள், "வௌவாலை அடிச்சுட்டா எனக்கு வியாபாரம் இல்ல" என்று மலையைக் காட்டிச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் ஓட்டின் குழிவிலேயே தண்ணீர் ஊற்றி அதில் கை கழுவச் சொன்னார், வாசனை போகும் என்று. கடைசிச் சுளையை நீட்டியபோது, அவரோடு சின்ன வயதில் சுற்றிய ஒரு தமிழ்ப் பையனின் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை, உங்களைப் பார்த்ததும் அவன் ஞாபகம் வந்துவிட்டது என்றார். நாலு பேருக்குமே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

நடைமுறை விஷயம் ஒன்றிரண்டு. பஸ்ஸில் பணமாகக் கொடுத்தால் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், சரியாக வைத்திருங்கள். பத்து பெரிங்கிக்கு 101, மலை ரயிலுக்கு 204. வெளிநாட்டவர் அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும். டுரியானை விடுதிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருப்பார்கள், எழுதுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து:

அக்கா, நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். நீங்கள் ஃபெரியிலிருந்து தொடங்கியது ரொம்ப சந்தோஷம், வருகிறவர்கள் பாதிப் பேர் எங்கள் கரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது ஓடுகிற படகுகள் 2023 ஆகஸ்டில் வந்தவை. அதற்கு முன்னால் இருந்த பெரிய ஃபெரிகளில் காரும் ஏறும், ஆளும் ஏறுவோம், பக்கமெல்லாம் திறப்பு, காற்று அள்ளிக்கொண்டு போகும். அவற்றில் காரும் ஆளும் ஏறுவது 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. அந்தக் கடைசி வாரம் நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு வேலை முடிந்து போனேன். படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பையில் பழைய வேலை அட்டை. கேட்டேன், முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படகுகளிலேயே கயிறு கட்டுகிற வேலை பார்த்தவராம், நம் ஆள்தான். அன்று ஒரு பயணியாக டிக்கெட் வாங்கி ஏறியிருந்தார். படகு கரையைத் தொடும்போது எந்தச் சத்தத்தில் என்ஜினைக் குறைப்பார்கள், கயிற்றை எந்த நொடியில் வீச வேண்டும் என்று என் மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கரை வந்ததும் அவர் கை தானாக மேலே எழுந்து வீசுகிற மாதிரி போய் நின்றது. என் மகள் அதை வரைந்து வைத்திருக்கிறாள், அப்போது அவளுக்கு எட்டு வயசு.

இன்னொன்று, அடுத்த தடவை தைப்பூசத்துக்கு வாங்க. பினாங்கு தெருவில் உள்ள கோயில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் கிளம்பித் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போகும், 1894-லிருந்து ஓடுகிற ரதம். 2017-லிருந்து தங்க ரதமும் தனியாக வருகிறது. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். ரதம் வருகிற வழியில் சீனக் குடும்பங்கள் தேங்காயை மலை மாதிரிக் குவித்து வைத்து உடைப்பார்கள். உங்கள் டுரியான் கடைக்காரர் மாதிரி ஆட்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் கிடைப்பார்கள் லா. வந்தால் எங்கள் பந்தலில் மோர் குடித்துவிட்டுத்தான் போகணும்.

கோலாலம்பூரிலிருந்து:

நானும் வெளிநாட்டில் இருக்கிறவன்தான், ஆனால் சாப்பாட்டை எடுத்து வைக்கிற பக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு உணவகத்தில் வேலை செய்கிறேன். இதற்கு முன்னால் இருந்த இடத்தில் வந்து இறங்கியதுமே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் 1966-ஆம் ஆண்டு சட்டப்படியே அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது குற்றம் என்று எனக்குச் சொன்னது சாப்பிட வந்த ஒரு அக்கா. வேறு யாரும் என்னிடம் அதைப் பேசியதில்லை. அவர் தினமும் வந்து தோசை சாப்பிடுவார், முதல் நாளே என் பேர் கேட்டார், அப்புறம் எப்போது வந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் சொன்ன பிறகு தூதரகத்துக்குப் போய் விவரம் கேட்டு, அலைந்து, கடைசியில் என் கைக்கு வந்தது. இப்போது இருக்கிற முதலாளி நல்ல மாதிரி.

ஹரி ராயாவுக்குக் கடை அடைத்தபோது அறையில் இருந்த நாங்கள் பையன்கள் சேர்ந்து ராத்திரி பஸ் பிடித்து பினாங்கு போனோம். விடிகாலையில் போய் இறங்கிவிட்டோம், பெருநாள் என்பதால் முக்கால்வாசிக் கடை மூடியிருந்தது, எங்கே போவது என்று தெரியாமல் குயின் தெரு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிர் சந்தில் இருந்து ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் தொழுகை முடிந்து வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "பெருநாள் அன்னிக்கு எங்க தெருவுல பட்டினியா இருக்கக் கூடாது" என்று வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நெய்ச்சோறு, ரெண்டாங் கறி, ஓலையில் கட்டி அவித்த கெத்துப்பாட் சோறு, அந்த வீட்டம்மா பரிமாறிக்கொண்டே இருந்தார். ஊரில் என் அம்மாவோடு போனில் பேச வைத்து, "உங்க மகன் சாப்பிட்டாச்சு, கவலைப்படாதீங்க" என்று அவரே சொன்னார். அம்மா இன்றைக்கும் அவர்களை விசாரிப்பார்.

நீங்கள் அந்த ரொட்டி அண்ணனோடு உட்கார்ந்து பேசினதைப் படித்தபோது எழுதணும் என்று தோன்றியது. எங்களிடம் பேர் கேளுங்கள், ஊர் கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாக, மூணு மணிக்கு மேல் வந்தால் நிம்மதியாகப் பேசலாம்.

மதுரையிலிருந்து:

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன், அவருக்கு முழங்கால் வலி, 513 படி முடியாது. ஒரு வாரம் அவருக்கு ஓடுமா? சிங்கப்பூரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தோஹாவிலிருந்து:

கோலாலம்பூர் தம்பி, உங்கள் பதிவைத் தோழிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன், நால்வருமே படித்தோம். பாஸ்போர்ட் விஷயத்தை இங்கே எழுதியது பெரிய காரியம், வளைகுடாவிலும் இதே கதை நடக்கிறது, படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும். பட்டர்வொர்த் தம்பி, தைப்பூசத்துக்கு லீவு கேட்டுவிட்டேன், மோர் எடுத்து வையுங்கள்.

மதுரைக்காரருக்கு: சிங்கப்பூரை விட்டுவிடுங்கள், அம்மாவோடு போகும்போது பெட்டி மாற்றி மாற்றி அலையக் கூடாது. தண்ணீர்மலை படிக்குக் கீழேயே பிள்ளையார் கோயில் இருக்கிறது, அதே சாலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் சமதரையில் இருக்கிறது, 1857-ல் கட்டியது, உள்ளே தரை வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். மலை மேலே முருகனைப் பார்க்க வேண்டும் என்றால் பினாங்கு மலையில் இருக்கிற வேறொரு முருகன் கோயிலுக்கு ரயிலில் போய்விடலாம், நடையும் குறைவு. தங்குமிடம் மட்டும் லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரத்தில் எடுங்கள், கடைவீடாக இருந்தால் கீழ் அறை கேட்டு வாங்குங்கள், மாடிப்படி செங்குத்தாக இருக்கும். குயின் தெருவில் பூக்கட்டுகிற அக்காவிடம் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஊர் சுற்றப் போகலாம். ஜூன் மாதம் போவதாக இருந்தால் சொல்லுங்கள், டுரியான் கடைக்கு வழி எழுதி அனுப்புகிறேன்.